வாசலை அடைத்து நிற்கும் லொறி: எம்பிலிப்பிட்டியவில் யாரிடம் போவது, என்ன கேட்பது

எம்பிலிப்பிட்டியவில் அறுவடை தொடங்கிவிட்டால் உள்வீதிகள் லொறிகளின் கையில். நெல் ஏற்ற வந்தது ஒன்று, வெட்டு மெசினை இறக்கிவிட்டுக் காத்திருப்பது ஒன்று, வாழைக்குலைக்கு வந்த பட்டா வண்டி ஒன்று. மற்ற மாதங்களிலும் குறைவில்லை. வீட்டுக்குள் வாகனம் விட இடமில்லாதவர்கள் வேனை வீதியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். இதற்கு ஒரு தரிப்புத் தடை வாங்கலாம். ஆனால் பெரும்பாலான முறைப்பாடுகள் போகக்கூடாத அலுவலகத்துக்குப் போய், அங்கேயே படுத்துவிடுகின்றன.

ஆகவே முதல் வேலை, அந்த வீதி யாருடையது என்று தெரிந்துகொள்வது. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய ஊடாக நோனாகமைக்குப் போகும் ஏ18 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஏ, பி வகுப்பு வீதிகள் எல்லாம் அப்படித்தான். சி, டி வகுப்பு மாகாணத்துடையது. அதற்கும் கீழே உள்ள குடியிருப்பு வீதிகள் உள்ளூராட்சி சபைக்கு உரியவை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எம்பிலிப்பிட்டியவில் நகர சபையும் உண்டு, பிரதேச சபையும் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கத்துச் சபைக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். வளவை குடியேற்றப் பகுதியில் கால்வாய்க்கரைப் பாதை என்றால் மகாவலி அதிகார சபையிடமும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் பாதி விடை கிடைக்கும். மீதியைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொல்வார். இருவரும் கையை விரித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். “இந்த வீதி எந்த நிறுவனத்தின் பதிவில் உள்ளது, அதன் அகலம் என்ன?” இந்த இரண்டு கேள்வி போதும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டியது தகவல் அலுவலரின் கடமை.

அடுத்தது அளவுநாடா. கோபத்தோடு எழுதிய நாலு பக்கத்தைவிட ஒரு கணக்கு நன்றாகப் பேசும். கொங்கிறீட் பாதை பத்தடி அகலம் என்று வையுங்கள். லொறி எட்டடிக்குக் கிட்ட வரும். மிச்சம் இரண்டடியில் சைக்கிள் போகும், 1990 அம்புலன்ஸ் போகாது. எந்த இடம், எந்த நேரம், எந்த வாகனம், யாருக்கு என்ன தடங்கல் என்று ஒரு கொப்பியில் குறித்து, திகதி தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். படத்தை முகநூலில் போட்டுவிடாதீர்கள். பிறகு பேச்சு லொறியை விட்டுவிட்டு உங்களைப் பற்றியதாகிவிடும்.

கடிதத்துக்கு முன் சாரதியிடம் ஒருதடவை பேசுங்கள். “அண்ணே, விடிய ஸ்கூல் வேன் திரும்பணும். லொறிய மில் வளவுல போட்டுக்கிறீங்களா?” என்று மாற்று இடத்தையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள். இடம் சொல்லாமல் எடு என்றால் அவரும் எங்கே போவார்? ஜப்பானில் 1962இல் வந்த சட்டப்படி, தரிப்பிடம் இருப்பதற்கு அத்தாட்சி காட்டித்தான் கார் பதிய வேண்டும். நம் ஊரில் வாகனம் வாங்கிய பிறகுதான் இடம் தேடுகிறோம்.

கடிதத்தைச் சபையின் தலைவருக்கும் செயலாளருக்கும் எழுதுங்கள். பிரதிகள் வட்டார உறுப்பினருக்கும் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் போகட்டும். தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதிப் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வேலை சீக்கிரம் நடக்க ஒரு சிங்களப் பிரதியும் இணைத்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபால்.

கோரிக்கை சின்னதாக இருக்கட்டும். “வீதி முழுக்க வாகனம் நிறுத்தத் தடை” என்று கேட்டால் முதல் எதிர்ப்பு உங்கள் அயலவரிடமிருந்தே வரும், அவர் மகளின் கல்யாணத்துக்கு வரும் வேன்கள் எங்கே நிற்கும்? இப்படி எழுதிப் பாருங்கள்: “வளைவிலிருந்து பாலம் வரை, இடப்பக்கம் மட்டும், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை தரிப்பைத் தடைசெய்து பலகை நடவும். கனரக வாகனங்கள் இரவில் தரிப்பதைத் தடுக்கவும். மாற்றிடமாக இன்ன காணியைப் பரிசீலிக்கவும்.” கீழே அந்த வீதிக் குடும்பங்களின் கையெழுத்து. வாகனம் வைத்திருப்பவர்கள் இரண்டு பேராவது அதில் இருந்தால் கடிதத்துக்கு எடை கூடும்.

இந்த நிமிடமே வழி அடைபட்டிருந்தால் சபைக்காகக் காத்திருக்க வேண்டாம். பொலிஸ் நிலையத்துக்கு அல்லது 119க்கு அழையுங்கள். “போர்ட் இல்லையே” என்பது சாரதிகளின் வழக்கமான பதில். மற்றவர்களுக்கு இடையூறாக வீதியில் வாகனத்தை விட்டுச் செல்வது, பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தவறுதான். ஒரே ஆளோடு நீளும் தகராறை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம். அதற்கும் மசியாமல் பொதுவழி அடைபட்டே கிடந்தால், 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 98ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம். அதற்குச் சட்டத்தரணியின் ஆலோசனை வேண்டும்.

வீதியில் கல் உருட்டிப் போடுவதும், தார் பீப்பாய் வைப்பதும், சொந்தச் செலவில் பலகை எழுதி நடுவதும் வேண்டாம். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவன் அந்தக் கல்லில் விழுந்தால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

ரக்வானை, கொடகவெல பக்கத் தோட்டங்களில் கதை வேறு. லயத்துக்குப் போகும் பாதை பெரும்பாலும் கம்பனியின் கையில் இருப்பதால், மனு முதலில் தோட்ட அதிகாரிக்குப் போக வேண்டும். தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொழுந்து லொறி திரும்பும் இடத்தில் ஆட்டோ நிறுத்துகிறார்கள் என்றால் நிர்வாகமே உடனே அசையும், அவர்களுக்கும் அது நட்டம். பிரதேச சபைகள் தோட்டப் பகுதியிலும் செலவு செய்ய 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதனால் சபை உறுப்பினரையும் விட்டுவிடாதீர்கள்.

பலகை நட்டதும் சபைத் தீர்மானத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அறுவடைக்கு வெளியூரிலிருந்து வரும் சாரதி அது யார் போட்ட பலகை என்று கேட்பார். பொலிஸும் கேட்கும்.