தாவும் கால்களும் தாங்கும் முழங்காலும்

மாணவர்களே! தில்லி சரோஜினி நகரில் உள்ள விநாயகர் கோவிலில் அன்பர்கள் தோப்புக்கரணம் இடுவதைக் காணலாம். கைகளை மாற்றிச் செவிகளைப் பற்றி, முழங்காலை மடக்கி அமர்ந்து எழுவர். வழிபாடாகச் செய்யும் இச்செயல் கால்களுக்கும் நல்ல பயிற்சியாகும். தாவும் கலையாகிய பார்க்கூரின் அடிப்படைப் பயிற்சியும் இவ்வாறு அமர்ந்து எழுவதே ஆகும்.

பார்க்கூர் என்னும் கலை

சுவர், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி முதலிய தடைகளை ஓடியும் தாவியும் ஏறியும் கடப்பது பார்க்கூர். பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் வகுத்த இயற்கை உடற்பயிற்சி முறை இதற்கு வேராக அமைந்தது. பாரிசு நகருக்கு அருகிலுள்ள லிஸ் என்னும் ஊரில், டேவிட் பெல் என்பவரும் அவர்தம் தோழர்களும் 1980களின் இறுதியில் இக்கலையை வளர்த்தனர். இன்று காணொளிகளைக் கண்டு, குடியிருப்புச் சுவர்களிலிருந்து குதிக்கச் சிறுவர் பலர் விரும்புகின்றனர். குதிப்பது எளிது, தரையைத் தொடும் கணமே கடினமானது.

முழங்காலின் அமைப்பு

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடம் முழங்கால் மூட்டு. எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு மெத்தைபோல் இடையில் அமைந்துள்ளன. தசைநார்கள் எலும்புகளைப் பிணைக்கின்றன. தொடையின் முன்புறத் தசை, முழங்காற்சில்லின் வழியாகத் தசைநாணால் கீழ்க்கால் எலும்பை இழுக்கிறது. நாம் தரை இறங்கும்போது இத்தசை நீண்டுகொண்டே சுருங்கி, வேகத்தைத் தடுக்கிறது.

ஒரு சிறு கணக்கு

ஒருவர் 1 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறார் எனக் கொள்வோம். கால்களை விறைப்பாக வைத்து 5 செ.மீ. தொலைவிலேயே உடலை நிறுத்தினால், தரை தரும் சராசரி விசை அவர் எடையைப் போல் 21 மடங்கு ஆகும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி 50 செ.மீ. தொலைவில் நிறுத்தினால் அது 3 மடங்காகக் குறையும். உயரம் மாறவில்லை, நிறுத்தும் தொலைவு மட்டுமே மாறியது. அத்தொலைவை நீட்டித் தருவது வலிமை வாய்ந்த தசையே. முன்னோக்கிய வேகத்துடன் இறங்குவோர் தோள்வழி உருள்வதும் இதே காரணம் பற்றியே.

ஏற்ற பயிற்சிகள்

1. தோப்புக்கரணம்: குதிகால் தரையில் பதிய, முழங்கால் கால்விரல்களின் திசையிலேயே செல்ல வேண்டும், உட்புறம் சாய்தல் கூடாது.
2. படி இறங்கல்: ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மெல்லக் கீழ்ப்படிக்கு இறக்குதல்.
3. குதிகால் உயர்த்தல்: கெண்டைக்கால் தசை வலுப்பெறும்.
4. ஓசையின்றி இறங்கல்: ஒரு படி உயரத்திலிருந்து, முன்பாதத்தில் மென்மையாகத் தரை தொடுதல்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையே ஓய்வுடன் செய்க. தசை விரைவில் வலுப்பெறும்; தசைநாண் உறுதியடைய நீண்ட காலம் வேண்டும். ஆகவே, "கால் வலுவாகிவிட்டது" என்று எண்ணி உடனே உயரத்தைக் கூட்டுவோர் முழங்கால் நோவுக்கு ஆளாவர். தண்டனையாக நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் இடச் செய்வதும் தீங்கே. பழக்கமில்லாத தசைகள் அதனால் சிதையக்கூடும்.

வளரும் பருவத்தினர்க்கு ஒரு சொல்

உங்கள் எலும்புகள் இன்னும் வளர்கின்றன. தசைநாண் பற்றியுள்ள இடம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, மிகுதியான குதித்தலால் வலித்து வீங்குவதுண்டு. இதனை 1903ஆம் ஆண்டில் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்னும் மருத்துவர் இருவர் தனித்தனியே விளக்கினர். ஓய்வு தந்தால் இது பெரும்பாலும் தணியும். வலியை மறைத்துக்கொண்டு தாவுவது வீரம் அன்று. மூட்டு வீங்கினாலோ, மடக்க இயலாமல் சிக்கிக்கொண்டாலோ பெற்றோரிடம் கூறி மருத்துவரை நாடுக. தேய்ந்த குருத்தெலும்பு எளிதில் மீண்டும் வளர்வதில்லை. உயரத்தைப் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம். முழங்காலை இப்போதே காக்க வேண்டும்.

பயிற்சி

அ) பொருள் அறிக:
விறைப்பு – வளையாத நிலை
நோவு – வலி
தணிதல் – குறைதல்

ஆ) விடை எழுதுக:
1. பார்க்கூர் எந்த நாட்டில் வளர்ந்தது?
2. தரை இறங்கும்போது தொடைத்தசை செய்யும் பணி யாது?
3. 1 மீட்டர் உயரத்திலிருந்து குதித்து, 20 செ.மீ. தொலைவில் நின்றால் சராசரி விசை எடையைப் போல் எத்தனை மடங்கு? (குறிப்பு: உயரத்தை நிறுத்தும் தொலைவால் வகுத்து 1 கூட்டுக.)

இ) பிரித்து எழுதுக: முழங்காற்சில்லு, கீழ்ப்படி.

ஈ) செயல்பாடு: நீங்கள் தோப்புக்கரணம் இடும்போது முழங்கால் எத்திசையில் செல்கிறது என நண்பரைக் கவனிக்கச் சொல்லி, ஐந்து தொடர்களில் எழுதுக.