எல்லைக் கல்லைப் பார்த்து வெட்டுங்கள்

டெர்மினலில் புதிதாகக் கைவைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய ஃபைல். அதில் 'தொடக்கம்' என்று ஒரு வரி, கொஞ்சம் கீழே 'முடிவு' என்று ஒரு வரி. நடுவில் இருப்பது மட்டும் நமக்கு வேண்டும். கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. நான் இதில் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

1. வெட்டுமுன் எண்ணுங்கள். எல்லை வரி ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறது என்று, வரிகளைத் தேடும் கிரெப் கருவியை '-சி' சுவிட்சோடு ஓட்டிப் பாருங்கள். தொடக்கம் மூன்று, முடிவு இரண்டு என்று வந்தால் அங்கேயே நில்லுங்கள். கிரெப்பின் வேலை அதோடு சரி. பொருந்திய வரிக்குக் கீழே பத்து வரி காட்டச் சொன்னால் காட்டும்; துண்டு எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது.

2. அவசரத்துக்கு செட் போதும். பெல் லேப்ஸில் லீ மக்மஹோன் 1970-களில் எழுதிய கருவி, இன்றும் எந்த லினக்ஸ் சர்வரிலும் கிடைக்கும். /தொடக்கம்/,/முடிவு/ என்று நடுவே காற்புள்ளி வைத்து எழுதி, அச்சிடச் சொல்லும் 'பி' என்ற எழுத்தைப் பின்னால் ஒட்டினால் துண்டு வந்துவிடும், எல்லை வரிகளும் சேர்ந்தே. '-என்' சுவிட்சை மறந்தால் ஃபைல் முழுக்கத் திரையில் கொட்டும். நீங்கள் கேட்ட துண்டு மட்டும் இரட்டை இரட்டையாக வரும். வெட்கப்பட வேண்டாம், எல்லாரும் செய்ததுதான்.

3. முடிவு வரி அகப்படாவிட்டால் செட் முனகக்கூட முனகாது. ஃபைலின் கடைசி வரி வரைக்கும் அள்ளிக்கொண்டு போகும். படிக்கும்போது அது தொந்தரவு, அழிக்கும்போது நாசம். ஒரு சர்வரில், பெயர்களுக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பழைய பகுதி ஒன்றை எடுத்துவிட நினைத்தேன். 'பி' இருந்த இடத்தில் அழிக்கும் 'டி', ஃபைலையே திருத்தும் '-ஐ' சுவிட்ச். யாரோ அந்த ஃபைலை விண்டோஸில் திருத்தி ஏற்றியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு வரியின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன். நானோ முடிவுச் சொல்லுக்குப் பின் டாலர் குறி போட்டு, வரி அதோடு முடிய வேண்டும் என்று கேட்டிருந்தேன். பொருந்தவில்லை. தொடக்கத்துக்கு டாலர் போடவில்லை, அது மட்டும் பொருந்தியது. அதற்குக் கீழே இருந்த அத்தனை பெயர்களும் போயின. எரர் ஒன்றும் வரவில்லை. டேட்டாபேஸின் பெயர் தெரியாமல் அப்ளிகேஷன் திணறத் தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அன்றிலிருந்து, கேட் கருவியை பெரிய 'ஏ' சுவிட்சோடு ஓட்டி வரியின் வாலைப் பார்க்காமல் எதையும் அழிப்பதில்லை. '-ஐ'யோடு ஒரு பின்னொட்டை ஒட்டி எழுதினால் பழைய ஃபைல் அந்தப் பெயரில் தனியே நிற்கும். நாலெழுத்துச் செலவு.

4. எல்லை வரிகள் வேண்டாம், உள்ளே இருப்பது மட்டும் போதும் என்றால் ஆக்குக்கு மாறுங்கள். 1977-இல் ஆஹோ, வெயின்பர்கர், கெர்னிகன் மூவரும் சேர்ந்து செய்தது. பெயரே அவர்களுடைய முதலெழுத்துகள்தான். ஒரு கொடியை மனசில் வையுங்கள். விதிகள் மூன்று: தொடக்க வரியில் கொடியை ஏற்று, முடிவு வரியில் இறக்கு, கொடி பறந்தால் அச்சிடு. ஆக் ஒவ்வொரு வரிக்கும் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்ப்பதால், எழுதும் வரிசையில்தான் சூட்சுமம். ஏற்று, அச்சிடு, இறக்கு என்றால் இரண்டு எல்லைகளும் வரும். இறக்கு, அச்சிடு, ஏற்று என்றால் இரண்டும் வராது. மற்ற வரிசைகளையும் நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான் சொன்னால் ஒட்டாது. மூன்றாவது துண்டு மட்டும் வேண்டுமா? கொடி ஏறும்போதெல்லாம் ஒன்று கூட்டி எண்ணிக்கொள்ளுங்கள்.

5. இரு பக்கமும் ஒரே அடையாளம், உதாரணமாக மூன்று சிறுகோடு, இருந்தால் செட்டும் ஆக்கும் ஒத்துப்போகாது. செட் முடிவை அடுத்த வரியிலிருந்துதான் தேடும். ஆக்கில் காற்புள்ளி வைத்து எழுதினால் தொடங்கிய வரியிலேயே முடிவையும் பார்த்துவிடும். துண்டு ஒரே வரியில் செத்துப்போகும்.

6. எல்லை வரியை மனப்பாடத்திலிருந்து எழுதாதீர்கள், ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். குட்டன்பர்க் புராஜெக்டின் நூல்களில் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் வரிகள் உடுக்குறிகளோடு வருகின்றன. அதே வரியில் பழைய நூல்களில் 'திஸ்', பிந்தியவற்றில் 'த'. உடுக்குறிக்கோ கருவிகளிடம் வேறு அர்த்தம் உண்டு. முன்னால் பின்சாய்கோடு போடுங்கள்.

7. தமிழில் எல்லை வரி வைப்பவர்களுக்கு ஒன்று. 'தொடக்கம்' என்பதில் உள்ள 'தொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. உள்ளே பைட்டுகள் வேறு, அதனால் செட்டுக்கும் ஆக்குக்கும் கிரெப்புக்கும் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் ஸ்கிரிப்டில் தேடும்போது இது கழுத்தை அறுக்கும். யூகான்வ் கருவியால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. என் ஃபைல்களில் இப்போது 'ஆரம்பம்' என்றுதான் எழுதுகிறேன்.