ஆயிரம் வாட் எங்கே இருக்கிறது?

கேள்வி: எங்கள் ஹால் 12க்கு 10 அடி. அப்பா வைத்திருந்த 8 ஓம் ஸ்பீக்கர் ஜோடி இன்னும் நன்றாக இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர்தான் போய்விட்டது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் 24-0-24, 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரும் 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டும் போட்டு '1000 வாட்' செட் அசெம்பிள் செய்து தருவதாகச் சொன்னார்கள். அக்கா மகனோ உள்ளங்கை அளவு கிளாஸ் டி போர்டே போதும் என்கிறான். எதை வாங்கலாம்? பழைய செட்டில் டிவியை இணைத்தால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். புதிதிலும் வருமா?
- வாசகர், சேலையூர்

பதில்: போர்டை விடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள் ஐயா. ஸ்பீக்கருக்குப் போகும் ஒவ்வொரு வாட்டும் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 24-0-24 என்றால் இரு முனைக்கும் இடையே 48 வோல்ட். 5 ஆம்பியரால் பெருக்கினால் 240. அதிலும் ஒரு பங்கு சூடாகவே போய்விடும். 240ஐ உள்ளே விட்டு 1000ஐ வெளியே எடுக்கத் தெரிந்தவர் கடை வைத்திருக்க மாட்டார்; மின்வாரியத்தையே விலைக்கு வாங்கியிருப்பார்.

அந்த செட் உண்மையில் என்ன தரும்? 24 வோல்ட் ஏ.சி., பிரிட்ஜையும் கண்டென்சரையும் தாண்டும்போது சுமார் 33 வோல்ட் டி.சி. ஆகும். சத்தம் கூட்டினால் அது சற்று இறங்கும். டிரான்சிஸ்டர்களும் ஓரிரு வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 28 என்று வைத்தால், 8 ஓமில் பக்கத்துக்கு ஏறக்குறைய 49 வாட். குறைவு என்று நினைக்காதீர்கள். வீட்டு ஸ்பீக்கர்கள் பலவும் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் அளவுக்குப் பாடும். பத்து வாட் கொடுத்தால் 97. உங்கள் ஹாலில் அதற்கே கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார்.

கடைக்காரர் சொல்லும் 5200-1943 போர்டு கிளாஸ் ஏபி வகை. ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டர், கீழ்பாதியை மற்றொன்று தள்ளும். கைமாறும் இடத்தில் ஒலி கரகரக்காமல் இருக்க, இரண்டிலும் எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடும். அதனால்தான் பெரிய ஹீட் சிங்க். கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர் நொடிக்குச் சில லட்சம் முறை முழுதாகத் திறந்து மூடும். காயிலும் கண்டென்சரும் அதிலிருந்து பாட்டை மட்டும் வடிகட்டித் தரும். சூடு மிகக் குறைவு.

உங்கள் தேவைக்கு அக்கா மகன் சொல்வதே சரி. டி.பி.ஏ 3116 என்ற கிளாஸ் டி போர்டு ஒன்று, 24 வோல்ட் 5 ஆம்ப் எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளை ஒன்று, 8 ஓமில் பக்கத்துக்குச் சுமார் 30 வாட் கிடைக்கும். இந்த போர்டில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்டு அல்ல. இரு பக்கக் கறுப்பையும் சேர்த்து முடிந்துவிடாதீர்கள். ஏபி-தான் வேண்டும் என்றாலும் தப்பில்லை. டிரான்சிஸ்டர் போனால் தாம்பரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். போலி 5200-கள் சந்தையில் ஏராளம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இரைச்சல் விஷயம். டிவி ஒயரைக் கழற்றியதும் நின்றால், அது எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதால் எழும் 50 ஹெர்ட்ஸ் முனகல். ஆம்ப்ளிஃபயரை மாற்றினாலும் தொடரலாம். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் டிஜிட்டலை அனலாக் ஆக்கும் ஒரு சிறிய டி.ஏ.சி. பெட்டி வழியே இணையுங்கள். ஒளிக்கு எர்த் கிடையாது. 'எர்த் பின்னை உடைத்துவிடு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிர் போகிற யோசனை அது. டிவி இல்லாமலே உறுமினால் 100 ஹெர்ட்ஸ். பவர் சப்ளை கண்டென்சர் காய்ந்திருக்கும். சென்னை வெயிலில் கண்ணாடி ஷோகேஸுக்குள் ஆம்ப்ளிஃபயரை அடைத்து வைக்கும் வீடுகளில் இது சகஜம்.

அசெம்பிள் செட்டே வாங்கினால், கடையிலேயே மெயின்ஸ் லைனில் தொடராக ஒரு பல்ப் (சீரீஸ் பல்ப்) போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவுட்புட்டில் டி.சி. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே அப்பாவின் ஸ்பீக்கரை மாட்டுங்கள். கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் புரொடெக்‌ஷன் ரிலே இல்லாத போர்டு என்றால், அது என்ன விலையானாலும் வேண்டாம்.