அறுத்தாலும் கூவும் காவலன்

பின்கட்டுக் கதவைத் தாழிட்ட பிறகு, உட்புறம் ஒரு காலிக் குடத்தைக் கதவோடு சாய்த்து வைக்கும் பாட்டிமாரைப் பார்த்திருக்கிறீர்களா? நள்ளிரவில் யாரேனும் கதவைத் தள்ளினால் குடம் உருண்டு வீட்டையே எழுப்பிவிடும். காசு செலவில்லாத இந்தக் காவலில் நல்லதோர் அறிவியல் கருத்து அடங்கியிருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

பூட்டு மட்டும் போதுமா?

திருடன் கையில் ஒரு கடப்பாரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு நெம்புகோல். திறன் புயம் 60 செ.மீ., பளுப் புயம் 3 செ.மீ. என்றால், அவன் செலுத்தும் விசை 20 மடங்காகப் பெருகும். 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையில் அவன் அழுத்தினால், தாழ்ப்பாளின் மீது 400 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழும்! பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் குட்டைத் திருகாணிகள் பிய்ந்து வந்துவிடும். அவற்றைக் கழற்றிவிட்டு, மரச்சட்டத்தின் உள்ளே ஆழமாகச் செல்லும் நீண்ட திருகாணிகளைப் பொருத்துவதே மிக மலிவான முதல் காப்பு.

அப்போதும் கதவு என்றென்றும் தாங்காது. பூட்டு நமக்கு நேரத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் நம்மை எழுப்ப ஓர் ஓசை வேண்டும். குடத்தின் வேலை அதுவே. அதை மின்சாரத்தைக் கொண்டு இன்னும் நன்றாகச் செய்யலாம்.

இரு வகைச் சுற்றுகள்

அமெரிக்காவைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் 1853ஆம் ஆண்டில் மின்சாரத் திருட்டு அறிவிப்பு மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று மூடி, மணி அடிக்கும். இது ‘திறந்த சுற்று’ வகை. இதில் ஒரு குறை உண்டு. கம்பியை முன்னதாகவே அறுத்துவிட்டால் மணி ஊமையாகிவிடும்.

இதற்கு மாற்று, ‘மூடிய சுற்று’. இதில் சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அது தடைப்பட்டால் ஓசை எழும். கதவு திறந்தாலும் தடைதான். கம்பி அறுந்தாலும் தடைதான்!

செய்து பாருங்கள்

தேவையானவை: 9 வோல்ட் மின்கலம், பிசி 547 டிரான்சிஸ்டர், 47 கிலோ ஓம் மின்தடை, 9 வோல்ட்டில் இயங்கும் சிறு பஸ்ஸர், ரீட் ஸ்விட்ச், சிறு காந்தம்.

ரீட் ஸ்விட்ச் என்பது ஒரு கண்ணாடிக் குழல். அதனுள் இரு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள் சற்றே விலகி நிற்கும். காந்தம் அருகில் வந்தால் அவற்றின் முனைகள் எதிரெதிர்த் துருவங்களாகி ஒன்றையொன்று கவர்ந்து ஒட்டிக்கொள்ளும். காந்தம் விலகினால் பிரிந்துவிடும்.

மின்கலத்தின் நேர்முனையிலிருந்து மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு இணைப்புக் கொடுங்கள். நேர்முனைக்கும் ஏற்பானுக்கும் இடையில் பஸ்ஸரை வையுங்கள். பஸ்ஸரின் நேர்முனைக் கம்பி மின்கலத்தின் பக்கம் இருக்கட்டும். உமிழ்ப்பானை எதிர்முனையோடு இணையுங்கள். அடிவாய்க்கும் எதிர்முனைக்கும் இடையில் ரீட் ஸ்விட்சை இணையுங்கள். ஸ்விட்ச் கதவு நிலையிலும், காந்தம் அதற்கு நேராகக் கதவிலும் இருக்க வேண்டும்.

கதவு மூடியிருக்கையில் மின்னோட்டம் ஸ்விட்ச் வழியே எளிதாகப் போய்விடும், அடிவாய்க்குள் நுழையாது. டிரான்சிஸ்டர் உறங்கும். கதவு திறந்தாலோ, ஸ்விட்சுக்குச் செல்லும் கம்பி அறுந்தாலோ, மின்னோட்டம் அடிவாய் வழியே பாயும். டிரான்சிஸ்டர் விழித்துப் பஸ்ஸரை ஒலிக்கச் செய்யும்.

மின்கலம் விரைவில் தீர்ந்துவிடாதா? ஓம் விதியைக் கேளுங்கள்: 9 ÷ 47,000 = சுமார் 0.19 மில்லி ஆம்பியர். மின்கலத்தின் கொள்திறன் 500 மில்லி ஆம்பியர்-மணி என்றால், ஏறத்தாழ 2,600 மணி நேரம், அதாவது மூன்று மாதத்துக்கு மேல் வரும்.

நினைவில் கொள்க

இக்காவலனுக்கும் குறைகள் உண்டு. ஸ்விட்சின் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டால் அவன் ஏமாந்துபோவான். ஆகவே கம்பிகள் வீட்டின் உட்புறமே செல்லட்டும். மின்கலம் தீர்ந்தால் சொல்லாமல் மௌனமாகிவிடுவான். வாரம் ஒரு முறை கதவைத் திறந்து சோதியுங்கள். இரும்புக் கதவானால் காந்தத்தின் அடியில் ஒரு மரத்துண்டை வையுங்கள். வீட்டு மின் இணைப்பை இச்சோதனைக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

வீட்டில் எவரும் இல்லாதபோது ஓசையைக் கேட்கப்போவது யார்? அண்டை வீட்டார்தாம். வெளியூர் செல்லுமுன் அவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கேட்கும் காது இருந்தால்தான் கூவும் காவலனுக்குப் பயன்.

சிந்திக்க: திருடன் கதவை உடனே மூடிவிட்டால் நம் பஸ்ஸர் நின்றுவிடும். ஒரு முறை தொடங்கிய ஓசை நிற்காமல் தொடர என்ன செய்யலாம்? பாட்டியின் குடத்துக்கு இந்தக் குறை உண்டா?