கெட்டிலில் படியும் வெள்ளை – கடின நீரும் வீட்டு வைத்தியமும்

பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அண்மையில் திருச்சியிலிருந்து தில்லிக்குக் குடிவந்த பெண் ஒருத்தி அருகில் வந்து கேட்டாள்: "மாமா, நீங்க ரயில்வேயில இன்ஜினீயரா இருந்தவராமே? எங்க வீட்டுக் கெட்டில் ஒரே மாசத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. பருப்பு வேக மாட்டேங்குது. வீட்ல கைக்குழந்தை வேற இருக்கு. இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?"

கை கழுவும் நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமல்ல இது. அதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் 1982-ல் ரயில்வேயில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் கொதிகலனைக் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை ஆறவைத்து, திருகுகளைக் கழற்றி, உள்ளே நீரைப் பீய்ச்சிக் கழுவுவோம். 'வாஷ்-அவுட்' என்பார்கள். குழாய்களின்மேல் ஓடு போல் படிந்திருப்பதைக் கம்பியால் சுரண்டி எடுப்போம். அந்த ஓடு இருந்தால் வெப்பம் நீருக்குப் போகாது. கரி வீணாகும், இரும்புத் தகடு அளவுக்கு மேல் சூடேறி ஆபத்தில் முடியும். உங்கள் வீட்டு கீசரும் ஒரு சிறிய கொதிகலன்தான். வியாதி அதேதான்.

இது என்ன?

'உப்பு படிந்திருக்கிறது' என்று சொல்கிறோம். சமையல் உப்பு நீரில் கரைந்துவிடும், இது கரையாது. காரணத்தைப் பார்ப்போம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று லேசான புளிப்புத் தன்மை பெறுகிறது. தில்லி வட்டார மண்ணில் 'கங்கர்' எனப்படும் சுண்ணாம்புக் கற்கள் உண்டு. அந்த நீர் அவற்றைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்துக்கொண்டு வருகிறது. நீரைச் சூடாக்கினால் வாயு பிரிந்து போகிறது. கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல், மறுபடியும் கல்லாகப் படிகிறது. ஆகவே ஆழ்குழாய்க் கிணற்று நீர் வரும் குடியிருப்புகளில் தொல்லை அதிகம். ஆற்று நீர் வரும் இடங்களில் பொதுவாகக் குறைவு.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500, 2012) குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதி உண்டு. 300 என்று வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நாலு பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் வெந்நீர் என்றால் நாளுக்கு 60 லிட்டர். அதில் உள்ள சுண்ணாம்பு 18 கிராம். மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல்! எல்லாமே கீசரில் தங்கிவிடுவதில்லை. ஒரு பங்கு தங்கினாலே போதும், கெடுதல்தான்.

எப்படி நீக்குவது?

சுண்ணாம்புக்குப் பகை புளிப்பு. மளிகைக் கடையில் 'டாட்ரி' அல்லது 'நிம்பு ஸத்' என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். வெள்ளை வினிகரும் உதவும்.

1. கெட்டில்: ஒரு லிட்டர் நீரைச் சூடாக்கி, மின் இணைப்பை எடுத்துவிட்டு, இரண்டு மேஜைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். அமிலம் போட்டபின் கொதிக்கவிட வேண்டாம்; கரையாத வேறொரு படிவு உண்டாகலாம். பிறகு நன்றாகக் கழுவி, ஒருமுறை வெறும் நீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

2. ஷவர்: பாலிதீன் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் முகம் அதில் மூழ்கும்படி ரப்பர் பட்டையால் கட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்கலாம். முலாம் பூசிய குழாய்களில் இதைவிட அதிக நேரம் விடாதீர்கள்.

3. அலுமினிய குக்கர்: அடியில் ஊற்றும் நீரில் சிறு புளித்துண்டோ எலுமிச்சைத் தோலோ போட்டால் கறுப்பதும் படிவதும் குறையும்.

4. கீசர்: வெப்பநிலையை 55 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள், சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். உட்புறம் சுத்தம் செய்வதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பாதுகாப்பு வால்வையும் அப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். வால்வு அடைத்துக்கொண்ட கீசர் வெடிக்கவும் கூடும்.

வினிகரோடு சமையல் சோடாவைக் கலப்பவர்கள் உண்டு. நுரை பொங்குவது பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் ஒன்றின் வலிமையை மற்றது தின்றுவிடும்; படிவு அப்படியே இருக்கும். மற்றொன்று: பளிங்குத் தரையில் எந்தப் புளிப்பும் படக்கூடாது. பளிங்கும் அதே கால்சியம் கார்பனேட்தான். கறையோடு தரையும் போகும்.

என் தவறு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், குளியலறைக் கறையைப் போக்க பிளீச்சிங் பவுடர் தூவினேன். அது போதவில்லை என்று அதன்மேலேயே 'தேஜாப்' ஊற்றினேன். கதவு சாத்தியிருந்தது. மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழுந்தது, மூச்சு அடைத்தது. அது குளோரின் வாயு. சத்தம் கேட்டு வந்த என் மனைவி கதவைத் திறந்து என்னை வெளியே இழுத்திராவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை. முப்பத்தெட்டு வருட அனுபவம் அந்த ஒரு நிமிஷத்தில் எங்கே போயிற்றோ!

ஆகவே எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடோ பிளீச்சோடோ சேர்க்காதீர்கள். வினிகரும் இதில் சேர்த்திதான். தப்பித் தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்ய நிற்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அவள் பாஷையில் இதைச் சொல்லிவையுங்கள்.

குழந்தைக்கு?

கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் வரம்பு எதுவும் விதிக்கவில்லை. சுண்ணாம்பைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் நைட்ரேட், புளோரைடு போன்றவையும் இருக்கலாம். அவை கண்ணுக்குத் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதிகமானால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. கையடக்க டி.டி.எஸ். கருவி இதைக் காட்டாது. குடியிருப்பில் நாலு குடும்பமாகச் சேர்ந்து ஓர் ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்துவிடுங்கள். முடிவு வரும்வரை குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க அந்த நீர் வேண்டாம்.

பருப்புக்கு வழி சுலபம். சுண்ணாம்பு பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடுகிறது. வடிகட்டிய மென்னீரில் ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள். புளியைப் பருப்பு வெந்தபின் சேருங்கள். சாம்பார் நம்ம ஊர் சாம்பார் மாதிரியே வரும்.