பறக்கும் முன் பென்சில் எடுங்க! சிமுலேட்டர் பைலட்டுகளுக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பிகளா, தங்கச்சிகளா! ஜாய்ஸ்டிக், ஹெட்செட், பெரிய மானிட்டர் எல்லாம் வாங்கியாச்சு. எந்த பட்டனை அழுத்தினா எந்த ஆயுதம் போகும்னு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீங்க. ஆனா, இலக்குக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீங்க, திரும்பி வர எரிபொருள் எவ்வளவு வேணும்னு கேட்டா முழிக்கிறீங்க. டேங்க் காலியாகிக் கடலில் விழுறதுக்கு எதிரியே தேவையில்லை!

இதுக்குப் பெரிய கணிதம் வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போதும். டிசிஎஸ் வேர்ல்ட் சிமுலேட்டரில் இலவசமாக் கிடைக்கிற காகசஸ் வரைபடத்தையே எடுத்துக்குவோம். விமானம் எஃப்/ஏ-18சி ஹார்னெட். கருங்கடல் கரையில் இருக்கிற கோபுலேத்தியில் கிளம்பி, சுகுமி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இலக்கைத் தாக்கிட்டுத் திரும்பணும். வேற விமானம் வெச்சிருக்கிறவங்க எண்ணை மட்டும் மாத்திக்கோங்க, முறை இதேதான்.

1. வேகத்தை 60-ஆல் வகுபடுற மாதிரி வைங்க

பறக்கும்போது கால்குலேட்டர் தட்ட நேரம் இருக்காது. தரைவேகம் 360 நாட்னா நிமிஷத்துக்கு 6 நாட்டிகல் மைல், 420-னா 7, 480-னா 8. 28 மைல் தூரத்தை 420 நாட்டில் போனா சரியா 4 நிமிஷம். மனசுக்குள்ளேயே முடிஞ்சுது.

ஒண்ணு கவனம். கண்ணெதிரே இருக்கிற ஹட் கண்ணாடியில் தெரியுற வேகம் காற்றழுத்தத்தை வெச்சுக் காட்டுறது. உயரம் போகப் போக உண்மை வேகம் அதைவிடக் கூடும், ஆயிரம் அடிக்குத் தோராயமா 2 சதவீதம். அதனால 20,000 அடியில் 300 காட்டினாலும் நிஜத்தில் 400-ஐத் தாண்டிப் போயிட்டு இருப்பீங்க. நேரக் கணக்குக்கு எப்பவும் தரைவேகத்தையே எடுங்க. ஹார்னெட்டில் திசையைக் காட்டுற எச்எஸ்ஐ திரையில் அது தனியாவே தெரியும்.

2. நேரத்தைக் கடைசியிலிருந்து எழுதுங்க

பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னா வீட்டை விட்டு எப்போ கிளம்பணும்னு பின்னாலிருந்துதானே கணக்குப் போடுவோம்? இங்கேயும் அப்படித்தான். குண்டு 10:30:00-க்கு விழணும்னு வைங்க. தாக்குதல் தொடங்குற புள்ளியிலிருந்து இலக்கு 16 மைல். 480 நாட்டில் 2 நிமிஷம், அப்போ அங்கே 10:28-க்கு இருக்கணும். அதுக்கு முந்தின 28 மைலுக்கு 4 நிமிஷம், 10:24. அதுக்கும் முந்தி, உயரம் ஏறிக்கிட்டே போற 40 மைலுக்கு சராசரி 300 நாட்டில் 8 நிமிஷம், 10:16. கூட வர்றவங்களோட ஒண்ணு சேர 4 நிமிஷம். ஆக, ஓடுபாதையை விட்டு எழும்ப வேண்டியது 10:12. இன்ஜின் ஸ்டார்ட், வழிகாட்டிக் கருவி தயாராகுறது, டாக்ஸி எல்லாத்துக்கும் 20 நிமிஷம் ஒதுக்கினா 9:52-க்கு நீங்க சீட்டில் இருக்கணும்.

சொன்ன நேரம்ங்கிறது குண்டு தரையைத் தொடுற நேரம். 20,000 அடியிலிருந்து விழுற குண்டு தரைக்கு வர அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். அந்த வினாடிகளையும் கழிச்சுக்கோங்க.

3. திசையில் ரெண்டு திருத்தம்

சுகுமியிலிருந்து கோபுலேத்திக்கு நேர்வழி சுமார் 65 மைல், உண்மை வடக்கை வெச்சுப் பார்த்தா திசை ஏறக்குறைய 150 டிகிரி. அந்தப் பகுதியில் காந்த விலகல் கிழக்கே சுமார் 6 டிகிரி. கிழக்கு விலகலைக் கழிக்கணும், மேற்கு விலகலைக் கூட்டணும். ஆக, 144.

அடுத்தது காற்று. பக்கவாட்டுக் காற்றின் வேகத்தை, நிமிஷத்துக்கு நீங்க போற மைலால் வகுங்க. 35 நாட் காற்று வலப் பக்கமிருந்து வருது, நீங்க நிமிஷத்துக்கு 7 மைல் போறீங்க. 35-ஐ 7-ஆல் வகுத்தா 5. மூக்கைக் காற்று வர்ற பக்கமே 5 டிகிரி திருப்புங்க, 149. மிஷன் எடிட்டரில் தரை, 2,000 மீட்டர், 8,000 மீட்டர்னு மூணு உயரத்துக்குக் காற்று தனித்தனியா இருக்கும். நீங்க பறக்கப் போற உயரத்துக் காற்றை எடுக்கணும்.

4. திருப்பத்துக்கும் இடம் வேணும்

வரைபடத்தில் கோடு சட்டுனு மடங்கும், விமானம் மடங்காது. 420 நாட்டில் 45 டிகிரி சாய்ச்சுத் திரும்பினா வட்டத்தின் ஆரம் சுமார் 2.5 மைல். 90 டிகிரி திருப்பம்னா புள்ளிக்கு 2.5 மைல் முன்னாடியே சாய்க்கத் தொடங்குங்க. அதே சாய்வில் வேகம் இரட்டிப்பானா ஆரம் நாலு மடங்காகும். வேகமாப் போறவங்க கோட்டைத் தாண்டிப் போய் எதிரி ஏவுகணை எட்டுற வட்டத்துக்குள் விழுறது இதனாலதான்.

5. எரிபொருளை நிமிஷக் கணக்கில் பாருங்க

ஹார்னெட்டின் உள் டேங்கில் சுமார் 10,800 பவுண்டு. காக்பிட்டில் கீழே இடது பக்கம் இருக்கிற, இன்ஜினையும் எரிபொருளையும் காட்டுற ஐஎஃப்இஐ திரையில், ஒவ்வொரு இன்ஜினும் மணிக்கு எத்தனை நூறு பவுண்டு குடிக்குதுன்னு தெரியும். ரெண்டிலும் 30 காட்டினா மொத்தம் மணிக்கு 6,000 பவுண்டு, அதாவது நிமிஷத்துக்கு 100. உங்க சுமை, உங்க உயரத்தில் ஒருமுறை சும்மா பறந்து பார்த்து இந்த எண்ணைக் குறிச்சுக்கோங்க.

இப்போ கழிங்க. ஸ்டார்ட், டாக்ஸி 500. ஒண்ணு சேர 400. உயரம் ஏறுற பகுதிக்கு 1,500. அடுத்த 4 நிமிஷத்துக்கு 400. தாக்குதல் ஓட்டம் 2 நிமிஷத்துக்கு, வேகம் கூடுதலா இருக்கிறதால, 400. இலக்கு மேல நிக்கும்போது கையில் 7,600.

6. பிங்கோ, ஜோக்கர் எண்களை எழுதி வைங்க

இதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது, வீட்டுக்குத் திரும்புங்கிற அளவுதான் பிங்கோ. திரும்ப 10 நிமிஷத்துக்கு 1,000, இறங்க 500, கையிருப்பு 2,000. மொத்தம் 3,500. அதுக்குக் கொஞ்சம் மேல, 'முடிச்சுக்கோ'ன்னு எச்சரிக்கிற அளவு ஜோக்கர். நம்ம கணக்குக்கு 5,000 வெச்சுக்கலாம். பிங்கோ எண்ணை ஐஎஃப்இஐ-யில் ஏத்திட்டா விமானமே குரல் கொடுக்கும்.

7,600-லிருந்து 3,500 போனா மிச்சம் 4,100. தாழ்வான உயரத்தில் ஆஃப்டர்பர்னர் முழுசா எரிஞ்சா நிமிஷத்துக்கு ஆயிரம் பவுண்டு அளவுக்குப் போகும். ஆக, உங்களுக்கு இருக்கிற சண்டை மொத்தம் நாலு நிமிஷம்! இது தெரிஞ்சா கண்டபடி த்ராட்டிலை முன்னே தள்ள மாட்டீங்க.

குழுவாப் பறந்தா லீடரின் டேங்கை மட்டும் பார்க்காதீங்க. வரிசையில் நிக்க விங்மேன் அடிக்கடி த்ராட்டிலை ஏத்தி இறக்குறதால அவருக்குத்தான் முதலில் தீரும். யாருக்குக் குறைவோ அவருடைய அளவுதான் எல்லாருக்கும் பிங்கோ.

7. கையிருப்பில் கை வைக்காதீங்க

நிஜத்தில் நடந்ததைக் கேளுங்க. 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டன், அசென்ஷன் தீவிலிருந்து ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் போர்ட் ஸ்டான்லி ஓடுபாதையைத் தாக்க, நடுவானில் எரிபொருள் கொடுக்கிற 11 விக்டர் டேங்கர்களைப் பறக்க விட்டது. அதுதான் பிளாக் பக் ஒன்று. முதலில் போக வேண்டிய வல்கன் கோளாறால் திரும்ப, மாற்று வல்கன் போனது. சுமை அதிகமா இருந்ததால் கணக்கைவிடக் கூடுதலா எரிபொருள் குடிச்சுது. கடைசி டேங்கர் தன் திரும்பும் பங்கையும் கொடுத்துட்டு, தனக்கே இன்னொரு டேங்கரைக் கூப்பிட வேண்டியதாச்சு. மாற்று விமானமும் கூடுதல் டேங்கரும் இருந்ததால்தான் எல்லாரும் தரை தொட்டாங்க. உங்க மிஷனிலும் மாற்று ஓடுபாதை ஒண்ணைக் குறிச்சு வைங்க. இங்கே சேனாகி பக்கத்திலேயே இருக்கு.

8. இறங்குறதையும் திட்டத்தில் சேருங்க

இறங்க வேண்டிய உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூணால் பெருக்குங்க, அத்தனை மைலுக்கு முன்னே இறங்க ஆரம்பிக்கணும். 20,000 அடின்னா 60 மைல். நம்ம வழியே 65 மைல்தான், அவ்வளவு உயரம் ஏறுறது வீண். 12,000 அடியில் திரும்பினா 36 மைலில் இறக்கம். தாழ்வில் எரிபொருள் கொஞ்சம் கூடுதலாச் செலவாகும், அதையும் பிங்கோவில் சேர்த்துக்கோங்க.

9. எல்லாமே ஒரு பக்கத்தில்

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி: திசை, தூரம், வேகம், சேரும் நேரம், அங்கே இருக்க வேண்டிய எரிபொருள். படமா மாத்தி, காக்பிட்டில் மடியில் தெரியுற நீபோர்டில் போட்டுக்கலாம், இல்லே தாளில் எழுதிக் கீபோர்டு பக்கத்தில் ஒட்டிக்கலாம். ஒவ்வொரு புள்ளியிலும் கடிகாரத்தையும் எரிபொருளையும் பாருங்க. 200 பவுண்டு குறைஞ்சா அங்கேயே திருத்தலாம், இலக்கு மேல தெரிஞ்சா திருத்த முடியாது.

10. இறங்கினதும் ஒப்பிடுங்க

போட்ட எண், வந்த எண் ரெண்டையும் பக்கத்தில் எழுதுங்க. பறந்ததைப் பதிவு பண்ணிக் காட்டுற டாக்வியூ மென்பொருளின் பதிவு இருந்தா எந்த இடத்தில் நேரம் நழுவுச்சுன்னு தெளிவாத் தெரியும். அடுத்த மிஷனுக்கு இந்தத் திருத்தின எண்தான் உங்க சொத்து.

இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும். இன்னைக்கு ராத்திரி உட்காரும்போது எல்லாத்தையும் செய்ய முடியலைன்னாலும் ரெண்டு எண்ணை எழுதுங்க: கிளம்புற நேரம், பிங்கோ. அந்த ரெண்டும் தாளில் இல்லாம இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க!