கப்பற் சரக்கின் காலக் கணக்கு

செங்கற்பட்டு மாவட்டத்து அணுபுரத்தினின்று கிழக்கு நோக்கிச் சில கல் தொலைவு சென்றால், பக்கிங்காம் கால்வாயைக் கடந்து சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையை அடையலாம். அங்கே டச்சுக்காரர் எழுப்பிய கோட்டையின் செங்கற் சுவர்கள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன. அச்சுவரின் நிழலில் நின்று நீர்ப்பரப்பை நோக்குவார்க்கு இயல்பாக எழத்தக்க வினா ஒன்றுண்டு: கடல் கடந்த நாட்டில் விலை கொடுத்து வாங்கிய சரக்கு நம் கையை வந்தடைய எத்தனை நாள் ஆகும்?

இவ்வினாவிற்குத் துறைமுகத் தெருவில் எவரும் எளிதில் விடை கூறுவர். "சீனத்திலிருந்து பதினொரு நாள், ஐரோப்பாவிலிருந்து ஒரு மாதம்" என்பர். அவ்விடை பிழையன்று, ஆயின் அது வேறொரு வினாவிற்குரிய விடை. கப்பல் ஓடும் காலம் வேறு. சரக்கு வந்துசேரும் காலம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கிய வணிகர், விற்கவேண்டிய பருவம் கழிந்தபின் சரக்கைப் பெற்று நட்டமடைவர். தொழிற்சாலை உடையோர், வேலையாட்களையும் இயந்திரங்களையும் வாளாவிருத்திக் கூலி கொடுப்பர். வணிகத்துறையில் நாளை புகவிருக்கும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கடற்கரைக்கு இறக்குமதி புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையைக் கூறுமிடத்து, மேற்கு நாட்டுக் குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணர்ந்த கப்பல்கள் அங்கு நின்றமையைச் சொல்லுகின்றது. இரவில் வரும் கலங்களை அழைக்கும் உயர்ந்த விளக்கு மாடத்தையும் காட்டுகின்றது. அத்துறை மாமல்லபுரக் கரையைச் சார்ந்தது என்பர் அறிஞர் பலர். பாலாறு கடலொடு கலக்குமிடத்திற்கு அண்மையிலுள்ள வசவசமுத்திரத்தில் 1970-ஆம் ஆண்டளவில் நிலத்தை அகழ்ந்தபோது, ஆம்போரா என்னும் இருகாதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மேலை நாட்டு மது முதலியவற்றை அடைத்துக் கப்பலேற்றிய சாடிகளின் வகை அது. எனவே இற்றைக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே, "சரக்கு எப்பொழுது வரும்?" என்று இக்கரையில் நின்று கடலைப் பார்த்திருந்த வணிகர் இருந்தனர் என்பது தெளிவு.

அக்காலத்துக் கணக்கு ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் ரோமானிய ஆசிரியர், எகிப்தினின்று இந்தியாவிற்கு வரும் வழியைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதி வைத்தார். அலெக்சாந்திரியாவினின்று நைல் ஆற்றின் வழியே கொப்தோஸ் நகரை அடையப் பன்னிரண்டு நாள். அங்கிருந்து ஒட்டகத்தின்மேற் பாலைநிலம் கடந்து பெரனீகே துறையை அடையப் பன்னிரண்டு நாள். செங்கடலின் வாயிலிலுள்ள ஒசெலிஸ் வரை ஏறத்தாழ முப்பது நாள். தென்மேற்குக் காற்று வீசுமாயின், அங்கிருந்து சேர நாட்டு முசிறிக்கு நாற்பது நாள். கூட்டினால் தொண்ணூற்று நான்கு நாள் ஆகின்றது. பெருங்கடலைக் கடந்த நாள் நாற்பதே. எஞ்சிய ஐம்பத்து நான்கும் ஆற்றிலும் மணலிலும் கரையோரக் கடலிலும் கழிந்தவை. இதிற் சேராத வேறொரு காலமும் உண்டு: காற்றிற்காகக் காத்திருந்த காலம். நடுவேனிலிற் புறப்பட்டால், திரும்புதற்கு மார்கழி, தை வரை பொறுத்திருத்தல் வேண்டும். முசிறியினின்று கீழைக் கரைக்குச் சரக்கு வருதற்கு மேலும் ஒரு பயணம் வேண்டும். பிளினியின் கணக்கில் நாம் கற்கவேண்டியது அவர் கூறிய நாட்டொகையை அன்று. வழியைப் பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே நாள் குறித்த முறையையே என்க.

பின்னர் வந்த பாய்க்கப்பற் காலத்தில் நாட்கள் இன்னும் நீண்டன. ஹாலந்தினின்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஜாவாவின் பட்டாவியா நகரை அடைய டச்சுக் கப்பல்கட்குச் சராசரியாக எட்டு மாதம் பிடித்தது. சதுரங்கப்பட்டினத்தில் நெய்த மெல்லிய துணி ஹாலந்து வணிகர்க்கு இறக்குமதிச் சரக்கன்றோ? ஓலை வந்துசேர்ந்து, நெசவாளர் நெய்து முடித்து, துணி கப்பலேறி மீளும்வரை அவர் ஒன்றரை ஆண்டிற்குக் குறையாமற் காத்திருக்க நேர்ந்திருக்கும். இராபர்ட்டு கிளைவ் 1743-ஆம் ஆண்டு இங்கிலாந்தினின்று புறப்பட்டவர், கப்பல் பிரேசில் கரையில் தரைதட்டியமையால் அங்குப் பல மாதம் தங்கி, 1744-ஆம் ஆண்டின் நடுவிலேதான் சென்னையை அடைந்தார். வழக்கமான பயணத்தினும் இருமடங்கு காலம் அது.

கப்பல் வந்த பின்னரும் காத்திருப்பு ஒழிந்ததில்லை. சென்னையில் அக்காலத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சென்று சரக்கை இறக்கி வந்தன. அலை மிகுந்த நாட்களில் படகு செல்லாது. கண்முன் நிற்கும் கப்பலிலுள்ள பொருளைக் கைக்கொள்ள முடியாது. 1870-களிற் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர்களையும் 1881-ஆம் ஆண்டுப் புயல் பெரிதும் சிதைத்தது. 1869-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திறக்கப்பெற்ற சூயஸ் கால்வாய், இலண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் குறைத்தது. நீராவி காற்றின் அடிமைத்தனத்தை நீக்கியது. மாதங்கள் வாரங்களாயின. கண்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டி 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவிற் கப்பலேறியபின், ஏற்றியிறக்கும் வேலை பல நாளினின்று சில மணிநேரமாகச் சுருங்கிற்று. அப்பெட்டிகட்கெனத் தனித்த முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது.

இனி இக்காலத்துக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். மறைமலைநகரில் ஒரு சிறு தொழிற்சாலையை உடையார் ஒருவர், சீனத்து ஷாங்காய் நகரில் இயந்திர உறுப்புகள் சில வாங்கினார் என்று கொள்வோம். ஷாங்காயினின்று சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்குக் கடற்றொலைவு ஏறத்தாழ 3,800 கடல் மைல். மணிக்குப் பதினைந்து கடல் மைல் ஓடும் கப்பல் ஒரு நாளில் 360 கடல் மைல் செல்லும். ஆகவே ஓட்டம் ஏறக்குறையப் பதினொரு நாள். துறைமுகத் தெருவார் கூறிய விடை இதுவே.

ஆயின் உறுப்புகள் செய்து முடித்த இடத்தினின்று பெட்டியிலேற்றி, துறைமுகம் சேர்த்து, அந்நாட்டுச் சுங்கத்தின் இசைவு பெற ஐந்து நாள் என்க. பெட்டிக் கப்பல்கள் பெரும்பாலும் வாரத்திற்கு ஒருமுறை, குறித்த நாளிற் புறப்படுவன. புறப்பாட்டிற்கு முன்னரே பெட்டிகளை ஏற்கும் கெடு முடிந்துவிடும். அதற்காகக் காத்திருப்பு ஐந்து நாள். ஓட்டம் பதினொரு நாள். இடைத்துறைகளில் நிற்பதற்கும், சிங்கப்பூர் போன்ற துறையிற் பெட்டியை இறக்கி வேறு கப்பலில் மாற்றுவதற்கும் ஆறு நாள். சென்னையில் இறக்கி, துறைமுகத்திற்கு வெளியேயுள்ள பெட்டி நிலையத்திற்குக் கொண்டுசெல்ல மூன்று நாள். சுங்கச் சோதனைக்கும் வரி செலுத்துவதற்கும் மூன்று நாள். லாரியில் ஏற்றி மறைமலைநகரில் இறக்க இரண்டு நாள். கூட்டுக: முப்பத்தைந்து நாள் ஆகின்றது. இவ்வெண்கள் கணக்கை விளக்க யாம் கொண்டவை. ஒவ்வொரு சரக்கிற்கும் இவை மாறும். எனினும் கப்பல் ஓடிய நாள் மொத்தத்தில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு என்னும் உண்மை பெரிதும் மாறாது.

இதனுள் ஒரு நுட்பம் உளது. தாமதம் சிறிது சிறிதாகக் கூடுவதன்று, படிப்படியாகத் தாவுவது. கெடு நேரத்திற்கு ஒரு மணி பிந்தி வந்த பெட்டி, ஒரு மணி பிந்திப் போய்ச் சேர்வதில்லை. அடுத்த வாரக் கப்பலுக்குக் காத்திருந்து ஏழு நாள் பிந்துகின்றது. இடைத்துறையில் இணைப்புக் கப்பலைத் தவறவிட்டால் மற்றும் ஒரு வாரம். ஒரு பெட்டி நிறையாத சிறு சரக்காயின், பிற வணிகர் சரக்கொடு கூட்டிப் பெட்டியை நிரப்பவும், இங்கு வந்தபின் பிரிக்கவும் மேலும் நாட்கள் வேண்டும். உடன் வந்த ஒருவர் சரக்கிற் குறையிருப்பின், ஏனையோரும் காத்திருக்க நேரலாம்.

பத்திரங்களாற் கெட்ட காலமும் மிகப் பெரிது. பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பற் சரக்குப் பத்திரத்தின் மூலப்படி வங்கிகளின் வழியே சுற்றி வருவதற்குள், கப்பல் முன்னே வந்து நிற்றலுமுண்டு. பெட்டி கரையில்; பத்திரம் வழியில். சுங்கச் சட்டமோ 1962-ஆம் ஆண்டினது. அதன் இப்போதைய திருத்தப்படி, கப்பல் வருவதற்கு முந்திய நாள் முடியுமுன் நுழைவுப் பத்திரத்தைப் பதிதல் பொதுவிதி. தவறின் நாள்தோறும் தண்டம் ஏறும். இலவச நாட்கள் கடந்தபின் துறைமுகத்திற்கும் கப்பல் நிறுவனத்திற்கும் வாடகை ஏறும். முப்பது நாளுள் விடுவிக்கப்பெறாத சரக்கை, உரியவர்க்கு அறிவித்தபின் விற்றுவிடவும் சட்டம் இடந்தருகின்றது. பொருளின் பெயரையும் எடையையும் ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதிய ஒரு சிறு பிழை, புயலினும் மிகுதியாகத் தாமதம் விளைத்தலுண்டு.

இறுதி வழியையும் இகழற்க. சென்னைத் துறைமுகமும், 2001-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகமும், 2013-ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகமும் செங்கற்பட்டிற்கு வடக்கே உள்ளன. தொழிற்சாலைகளோ நகருக்குத் தெற்கிலும் மேற்கிலும் பரந்துள்ளன. பல்லாயிரம் மைல் கடந்து வந்த பெட்டி, இக்கடைசி ஐம்பது அறுபது கல்லில் வாகன நெருக்கடியாலும் சாலைக் கட்டுப்பாட்டாலும் ஒரு பகற்பொழுதை இழத்தல் அரிதன்று.

மேற்கூறியவை வழக்கமான காலத்திற்குரியவை. வழக்கம் கெடுங் காலமும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எவர் கிவன் என்னும் நானூறு மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயிற் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியடைத்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருபுறமும் காத்து நின்றன. 2023-ஆம் ஆண்டு நவம்பர் முதல் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பெற்றமையால், 2024-ஆம் ஆண்டு முழுதும் பெரும்பாலான பெட்டிக் கப்பல்கள் சூயஸ் வழியை நீத்து, கிளைவ் வந்த அந்த நன்னம்பிக்கை முனையையே சுற்றின. ஐரோப்பாவினின்று வரும் சரக்கிற்கு அதனாற் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடிற்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து மிக்ஜாம் புயலாற் சென்னைத் துறைமுகத்தின் வேலையே நின்றது. காற்றை வென்றோம் என்று செருக்குற்ற நாம், இன்னும் காற்றிற்குக் கட்டுப்பட்டவரே.

எத்தனை நாளாயினும் வாராத சரக்கும் ஒன்றுண்டு. அதற்குச் சான்று தேடி நாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. 1974-ஆம் ஆண்டு அணுச்சோதனையின் பின்னர், அணுத்துறைக்குரிய பொருள்கள் வெளிநாடுகளினின்று வரும் வழி பெரிதும் அடைபட்டது. அணுபுரத்தில் வாழ்வோர் பலர் பணிபுரியும் கற்பாக்கத்து நிலையங்களில் வேண்டிய உறுப்புகளை நம் நாட்டிலேயே செய்யவேண்டியதாயிற்று. அங்குள்ள வேகப்பெருக்கச் சோதனை உலைக்கு எண்ணியிருந்த எரிபொருள் வெளிநாட்டினின்று கிடையாமையால், நம்மவர் வேறுவகைக் கார்பைடு எரிபொருளைத் தாமே ஆக்கினர். 1985-ஆம் ஆண்டு அவ்வுலை இயங்கத் தொடங்கிற்று. வருமென்று காத்திருப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை இது காட்டும்.

ஆதலின் இறக்குமதி செய்வார்க்கு யாம் கூறுவன சில. கப்பல் எத்தனை நாள் என்று கேளாது, சரக்கு என் வாயிலில் இறங்க எத்தனை நாள் என்று கேட்க. வழியைப் பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் மிகக் குறைந்த நாள், வழக்கமான நாள், மிக நீண்ட நாள் என மூன்றையும் எழுதுக. வாக்குறுதி கொடுக்கும்போது நீண்ட நாளைக் கொண்டு கொடுக்க. நேர்க்கப்பலா, இடையில் மாறுவதா என்பதை முன்னரே அறிக. சிறிது மலிவான கூலிக்காக ஒரு கப்பல் மாற்றத்தை ஏற்பவர், அதனால் ஒரு வாரத்தையும் விலையாகக் கொடுத்தல் கூடும். சீனப் புத்தாண்டிற் தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும் காலத்தையும், இங்கு ஐப்பசி கார்த்திகை மழையையும் நாட்காட்டியிற் குறித்து வைக்க. பத்திரங்களைக் கப்பல் புறப்படுமுன் ஒப்பிட்டுப் பார்க்க. இன்றியமையாத ஓர் உறுப்பு இல்லாமையால் தொழில் முழுதும் நிற்குமாயின், அதனை மட்டும் வானூர்தியில் வருவித்தல் கூலி மிகினும் இலாபமே. கையிருப்பு என்பது முடங்கிய முதலாகத் தோன்றினும், வாராத நாட்களுக்குரிய காப்பு என்று அறிக.

மாமல்லபுரத்திற் பண்டைக் கோயிலொன்றின் உச்சியில் ஒருகாலத்திற் கப்பல்கட்கு விளக்கேற்றினர். அதன் அண்மையில் இன்று வேறொரு கலங்கரை விளக்கம் எரிகின்றது. விளக்கு கப்பலை விரைவிற் செலுத்துவதன்று; எங்கிருக்கின்றோம் என்பதை மாலுமிக்கு உணர்த்துவது. காலக் கணக்கும் அத்தகையது. அஃது ஒரு நாளையும் குறைக்காது; ஆயின் எந்நாள் எதற்குச் செல்கின்றது என்பதை உணர்த்தும். அதனை உணர்ந்தவன் சரக்குப் பிந்தினும் தான் கலங்கான். சொன்ன சொல்லிலும் தவறான். வணிகனுக்கு அதனினும் பெரிய முதல் வேறு யாதுளது?